‘எனக்குக் கணக்கு ஓடாது’

கேள்வி: மனையாவெளியிலிருந்து ஒரு தாய், 2025 ஜூன் 3

மகள் பத்தாம் வகுப்பு. தமிழ், சமயம், வரலாறு மூன்றிலும் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருவாள். கணிதப் பரீட்சை என்றால் முதல் நாள் இரவே வயிற்றுவலி. "எனக்கு மட்ஸ் ஓடாதம்மா, உங்கட மூளைதானே எனக்கும்" என்கிறாள். எனக்கும் ஓடாதுதான். சாதாரண தரத்தில் (பதினோராம் வகுப்புப் பொதுப்பரீட்சை) மூன்றாவது தடவை எழுதித்தான் பாஸ் பண்ணினேன். இது பரம்பரையில் வருவதா? ஓடாத பாடத்துக்கு ஏன் ரியூசன் காசு என்று அவளுடைய அப்பாவும் கேட்கிறார்.

ஜூன் 3, இரவு

ரியூசனை நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம். "ஓடாத பாடம்" என்று மட்டும் வீட்டில் பேசாதீர்கள், அதுவும் அவள் காதுபட.

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டில் மாலை வேளையில் கணித வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் சாதாரண தரத்தில் டபிள்யூ எடுத்தவர்கள், அதாவது 35 க்குக் குறைவாக எடுத்துத் தவறியவர்கள். முதல் நாள் பெயரைச் சொல்ல முன்பே சிலர் இதைச் சொல்லிவிடுவார்கள்: "ரீச்சர், எனக்கு மண்டையில ஏறாது. 35 எடுத்தாப் போதும்." கணக்கு வரும், வராது என்பதை நாங்கள் இரத்த வகை மாதிரிப் பேசுகிறோம். பிறக்கும்போதே எழுதி வந்தது, இனி மாறாது. வேறெந்தப் பாடத்துக்கும் இந்தப் பேச்சு கிடையாது. சமயத்தில் 40 எடுத்தால் பிள்ளை படிக்கவில்லை. கணிதத்தில் 40 எடுத்தால் பிள்ளைக்கு ஓடாது.

பரம்பரை பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதற்கு முன் ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஜூன் 4

திருக்கடலூர்ப் பையன், இரண்டாம் ஷை, அதாவது இரண்டாவது தடவை பரீட்சை எழுதப்போகிறவன். விடியப்புறம் கரைவலை இழுத்துவிட்டு, பகலில் படுத்தெழும்பி, மாலையில் வகுப்புக்கு வருவான். போன கிழமை 36,000 ஐ 16 ஆல் வகுக்கச் சொன்னேன். கோடு போட்டான். 16 எத்தனை தரம் 36 க்குள் போகும் என்று ஓரத்தில் எழுதினான், அழித்தான், 2 போட்டான், மிச்சம் 4. பூச்சியத்தை இறக்கினான், 40, திரும்ப 2. அப்படியே போய்க் கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டு 225 என்று முடித்துக் கொப்பியை என் பக்கம் தள்ளினான்.

நான் சரி பிழை சொல்லவில்லை. "வாடியில 84,000 க்கு மீன் போகுது. செலவு 12,000. மிச்சத்தில பாதி சம்மாட்டிக்கு, மற்றப் பாதி இழுத்த பதினாறு பேருக்கு. ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். (வாடி என்பது கரையில் உள்ள மீனவர் கொட்டில், சம்மாட்டி வலைக்குச் சொந்தக்காரர். பங்கு பிரிக்கும் முறை வாடிக்கு வாடி மாறும். இது அவன் சொன்ன முறை.)

முகட்டைப் பார்த்தான். "ரெண்டாயிரத்து இருநூற்றி ஐம்பது."

எப்படி? "பதினாறு பேருக்கு முப்பத்தாறு. அப்ப எட்டுப் பேருக்குப் பதினெட்டு. நாலு பேருக்கு ஒன்பது. ரெண்டு பேருக்கு நாலாயிரத்து ஐந்நூறு. அதில பாதி."

கொப்பியில் இருந்த 225 ஐக் காட்டி, "அப்ப இது?" என்றேன்.

"அது கணக்கு ரீச்சர். இது காசு. இருநூற்றி இருபத்தைஞ்சுக்கு எவன் வலை இழுப்பான்?"

ஜூன் 4, கொஞ்சம் பிறகு

இதே கூத்தை பிரேசிலில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ரெசிஃபே என்ற துறைமுக நகரம். தெரெசீனியா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூவர் 1985 இல் வெளியிட்ட ஆய்வு. தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் பிள்ளைகளிடம் வாங்குகிறவர்களாகப் போய் விலை கேட்டார்கள். நூற்றுக்கு 98.2 விடைகள் சரி. பிறகு அதே பிள்ளைகளை உட்காரவைத்து, அதே எண்களைக் கதைக் கணக்காகக் கொடுத்தபோது 73.7. வெறும் எண்ணும் குறியுமாகக் கொடுத்தபோது 36.8.

ஒரு தேங்காய் 35 என்றால் பத்து எவ்வளவு? பன்னிரண்டு வயதுப் பையன், மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, இன்னும் நாலு வேண்டும் என்று போய் 350 க்கு வந்து சேர்ந்தான். பத்தால் பெருக்கப் பூச்சியம் சேர் என்ற பள்ளிக்கூட வழி அவனுக்கு நினைவுக்கே வரவில்லை.

அந்த ஆய்வில் இருந்தது ஐந்தே பிள்ளைகள். ஐந்து பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம், திருக்கடலூரில் பார்த்ததை அங்கேயும் பார்த்திருக்கிறார்களே என்பதுதான்.

ஜூன் 6

சரி, பரம்பரை.

இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் கணிதத் திறமைக்குப் பரம்பரைப் பங்கு உண்டு என்று தெரிகிறது. வாசிப்புக்கும் உயரத்துக்கும் இருப்பதுபோலத்தான் இதுவும். ஆனால் தாய்க்குக் கணக்கு ஓடாததால் மகளுக்கும் ஓடாது என்று அதை மாற்றிவிட முடியாது. வீட்டில் கைமாறுவது அனேகமாகப் பயம்தான்.

2015 இல் அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரை ஒரு கல்வியாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். கணிதப் பயம் கூடிய பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருடம் கணிதம் குறைவாகக் கற்றார்கள், வருட முடிவில் அவர்களுக்கும் பயம் கூடியிருந்தது. அதே அளவு பயமுள்ள பெற்றோர் அடிக்கடி உதவப் போகாத வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை. பரம்பரை மட்டும்தான் காரணம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன, குசினியில் நின்றால் என்ன?

அதற்காக "நான் இனி அவளுடைய கொப்பியையே தொடமாட்டேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். உட்கார்ந்தால் பெருமூச்சு விடாமல் உட்காருங்கள். "எங்கட காலத்தில இப்படிச் செய்யேல்ல" என்பதையும் தள்ளி வையுங்கள்.

ஜூன் 7

கேட்க மறந்தது: மகள் எத்தனை புள்ளி எடுக்கிறாள்?

ஜூன் 8

அம்மாவின் பதில் வந்தது: 68.

நான் பத்தும் பதினைந்தும் எடுக்கும் பிள்ளை என்று நினைத்து இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுபத்தெட்டு, அம்மா! சாதாரண தரத்தில் அது பி சித்தி. என் வகுப்பில் யாராவது 68 எடுத்தால் பத்திரகாளி அம்பாளுக்குத் தேங்காய் உடைப்பேன்.

கோபத்தை விடுகிறேன், ஏனென்றால் 68 தான் இந்தக் கதையின் சுவாரசியமான இடம். அவளுக்குத் தமிழ் 90 க்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிள்ளை தன்னை வகுப்பிலுள்ள மற்றவர்களோடு மட்டும் ஒப்பிடுவதில்லை, தன்னுடைய மற்றப் பாடங்களோடும் ஒப்பிடுகிறது. ஹேர்பேர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1986 இல் இதை விளக்கினார். மொழியும் கணிதமும் புள்ளியில் பெரும்பாலும் சேர்ந்தே போகும்: ஒன்றில் நன்றாகச் செய்பவர் மற்றதிலும் ஓரளவு நன்றாகச் செய்வார். ஆனால் "நான் இதில் கெட்டிக்காரி" என்ற எண்ணம் அப்படிச் சேர்ந்து போவதில்லை. தமிழில் 90 எடுக்கிறவளுக்கு 68 பள்ளமாகத் தெரிகிறது. தமிழில் 45 எடுக்கிற பக்கத்து மேசைப் பையன் அதே 68 ஐ எடுத்துக்கொண்டு "நான் மட்ஸ்காரன்" என்று திரிவான். அவன் உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போவான், அவள் கலைப்பிரிவு. இருவருக்கும் ஒரே புள்ளி.

கலைப்பிரிவு குறைச்சல் என்று சொல்லவில்லை. விரும்பிப் போவது வேறு, ஒதுங்கிப் போவது வேறு.

மார்ஷ் சொன்ன இன்னொன்றும் இங்கே பொருந்தும். ஒரே திறமையுள்ள இரு பிள்ளைகளில், கெட்டிக்காரர் கூடிய பள்ளிக்கூடத்தில் இருப்பவருக்குத் தன்மேல் நம்பிக்கை குறைவு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எடுத்துச் சாம்பல்தீவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ டவுனுக்கு வரும் பிள்ளைகளைப் பாருங்கள். ஊரில் முதலாம் பிள்ளை, டவுன் வகுப்பில் பதினெட்டாம் பிள்ளை. முதல் தவணை றிப்போட் வரும்போதே "டவுனுக்கு வந்து மொக்காயிட்டான்" என்று வீட்டில் தொடங்கிவிடும். பையன் அதே பையன்தான்.

ஜூன் 8, இரவு

"ஐன்ஸ்டைனே கணக்கில் பெயில்" என்று ஆறுதல் சொன்ன தம்பிக்கு: அவர் பெயில் இல்லை. 1896 இல் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரப் பாடசாலை கொடுத்த சான்றிதழில் அட்சரகணிதத்துக்கு 6 க்கு 6, கேத்திரகணிதத்துக்கும் 6 க்கு 6. பிரெஞ்சுக்குத்தான் 3. ராமானுஜன் கல்லூரிப் பரீட்சையில் தவறியது உண்மைதான், ஆனால் கணிதம் தவிர்ந்த பாடங்களில். ஆறுதலுக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

ஜூன் 11

மேலே எழுதியது 68 எடுக்கும் பிள்ளைகளுக்கு. என்னிடம் வருகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்கு உண்மையிலேயே கணக்கு தெரியாது. தெரியாது என்பதும் ஓடாது என்பதும் அவர்களுக்கு ஒன்றாகிப் போய்விட்டது.

புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ¾ + ½ கேட்பேன். மேலே உள்ளதைக் கூட்டி, கீழே உள்ளதைக் கூட்டி, 4/6 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு வாயால் கேட்பேன்: "முக்கால் கிலோ இறாலும் அரைக் கிலோ இறாலும் வாங்கினா எவ்வளவு?" உடனே "ஒண்டேகால்". இப்போது 4/6 ஐக் காட்டுவேன். அது ஒரு கிலோவை விடக் குறைவு, முக்காலை விடவும் குறைவு. கூட்டக் கூட்டக் குறைகிற இறால். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் என் பாடம் தொடங்கும்.

எங்கே விட்டுப்போனது என்று தோண்டினால் அனேகமாக ஒரே இடம்தான் வரும்: ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்பு. பின்னமும் திசைகொண்ட எண்களும் தொடங்கும் காலம். வரலாற்றில் ஒரு தவணை விட்டால் அந்தத் துண்டு மட்டும்தான் போகும், பொலன்னறுவை தெரியாமலே கோட்டை இராச்சியத்தைப் படிக்கலாம். பின்னம் போனால் சதவீதம் போகும், சதவீதம் போனால் வட்டி போகும். மறை எண் விளங்காதவருக்கு, சமன்பாட்டில் பக்கம் மாறும்போது குறி ஏன் மாறுகிறது என்பது வெறும் மந்திரம். ரொபேர்ட் சீக்லரும் கூட்டாளிகளும் 2012 இல் அமெரிக்க, பிரித்தானியத் தரவுகளை வைத்துக் காட்டியதும் இதைத்தான்: பத்து வயதளவில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்தது என்பது, ஐந்தாறு வருடம் கழித்து அந்தப் பிள்ளையின் அட்சரகணிதம் எப்படியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்கிறது. வீட்டு வருமானத்தையும் பொதுப் புத்திக்கூர்மையையும் கழித்துப் பார்த்தும் அந்தத் தொடர்பு நின்றது.

இனி எங்கள் மாவட்டத்தை யோசியுங்கள். 1990 இல் சண்டை. 2004 டிசம்பரில் சுனாமி. 2006 இல் சண்டையால் சம்பூரும் மூதூர்க் கிழக்கும் இடம்பெயர்ந்து கிளம்பியது. கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்கில் இருந்தவர்கள், 2015 க்குப் பிறகுதான் சம்பூரில் சொந்த வளவைப் பார்த்தவர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டியது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பூட்டியது. 2025 இல் பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளை 2020 இல் ஆறாம் வகுப்பு. வீட்டில் ஒரு ஃபோன், மூன்று பிள்ளைகள், வட்ஸ்அப்பில் ரீச்சர் அனுப்பிய மங்கலான படம். பின்னம் அந்தப் படத்தில்தான் வந்தது.

வகுப்பேற்றம் மட்டும் தவறாமல் நடந்தது. விட்டுப்போன பாடத்தை யாரும் திரும்ப எடுக்கவில்லை, அடுத்த வருட ஆசிரியருக்கு அடுத்த வருடப் பாடத்திட்டம். பிள்ளைக்குத் தெரிவதெல்லாம், எல்லாருக்கும் விளங்குகிறது எனக்கு விளங்கவில்லை என்பது. அதற்கு அந்த வயதில் கிடைக்கும் ஒரே விளக்கம், என் மூளை சரியில்லை.

ஜூன் 12

"அப்ப எல்லாருக்கும் கணக்கு வரும் என்கிறீர்களா?" என்று கிண்ணியாவிலிருந்து ஓர் ஐயா.

இல்லை. எண்களைப் பிடிப்பதிலேயே பிறவியிலிருந்து சிரமமுள்ள பிள்ளைகள் உண்டு, டிஸ்கல்குலியா என்பார்கள். நூற்றுக்கு 3 முதல் 7 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். தாளில் ஐந்து பொட்டும் ஏழு பொட்டும் இருந்தால் எது கூட என்று பார்த்தவுடன் சொல்லவே திணறும் பிள்ளைக்கு நான் மேலே எழுதியது எதுவும் பொருந்தாது, வேறு விதமான உதவி வேண்டும். ஆனால் ஒரு வகுப்பில் பாதிப் பேர் "ஓடாது" என்கிறார்கள். அந்தப் பாதியை இதற்குள் அடைக்க முடியாது.

ஜூன் 14

வேகம் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன்.

பெரிய ரியூசன் மண்டபம் ஒன்றில் ஒருநாள் பின் வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். எந்த மண்டபம் என்பது வேண்டாம். மைக் பிடித்த ஆசிரியர், முன்னால் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். கணக்கை எழுதி முடிக்க முன்பே "விடை?" என்பார். முன் இரண்டு வரிசையிலிருந்து நாலைந்து பேர் கத்துவார்கள். "வெரி குட், அடுத்தது." என் பக்கத்துப் பிள்ளை கணக்கைக் கொப்பியில் பாதிதான் எழுதியிருந்தாள். அடுத்த கணக்குக்கும் அப்படித்தான். மூன்றாவதுக்குக் கணக்கை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதத் தொடங்கினாள். இடைவேளையில் கேட்டேன். "நான் சிலோ மிஸ், எனக்கு மட்ஸ் சரிவராது" என்றாள்.

கட்டுரையை மெதுவாக எழுதுகிற பிள்ளையைக் கவனமான பிள்ளை என்கிறோம்.

பயமும் வேகமும் சேர்ந்தால் இன்னும் கேடு. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கேர்க் இருவரும் 2001 இல் காட்டியது: கணிதப் பயம் உள்ளவர்களுக்குக் கணக்குச் செய்யும்போது மனதில் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம் குறைகிறது, கவலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒற்றை இலக்கக் கூட்டலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டு அடுத்த இலக்கத்துக்குப் போகும் கூட்டலில்தான் சறுக்குகிறார்கள். அதாவது, பரீட்சை மண்டபத்தில் வராதது வீட்டில் வரும். "வீட்டில செய்தனே!" என்று அழும் பிள்ளை பொய் சொல்லவில்லை.

மனையாவெளி அம்மாவுக்கு: மகள் போவது இப்படியான மண்டபம் என்றால், ரியூசனை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நிறுத்துங்கள். பத்துப் பேருக்குள் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

ஜூன் 15

ஞாயிறு. பகிடிக்கு ஒன்று.

என் சித்தப்பாவுக்குக் கணக்கு ஓடாது, அவரே சொல்வார். மின்சாரப் பட்டியலைக்கூட என்னிடம்தான் கொடுப்பார். ஆனால் 304 என்ற சீட்டாட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரே சின்னமுள்ள இந்த எட்டுச் சீட்டும் ஒரு சாதி. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. கையில் நாலு சீட்டு வந்தவுடன் எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று கணிக்கிறார். இறங்கிய சீட்டு, இறங்காத சீட்டு, எதிராளியிடம் துரும்பு மிச்சமா, இதுவரை எத்தனை புள்ளி விழுந்தது எல்லாம் தலையில். இடையில் அரசியலும் கதைக்கிறார். ஆட்டம் முடிந்து எண்ணினால் அவர் சொன்ன எண்தான் இருக்கும்.

மின்சாரப் பட்டியல் என்றால் கண்ணாடியைத் தேடுகிறார்.

ஜூன் 16

நேற்றையதற்கு ஒருவர் நியாயமான மறுப்பு எழுதியிருக்கிறார்: "சீட்டும் மீனும் எண்கணிதம். சாதாரண தரப் பத்திரத்தில் இருப்பது இருபடிச் சமன்பாடும் வட்டத் தேற்றமும். வாடியில் கூட்டத் தெரிந்தால் தேற்றம் வந்துவிடுமா?"

வராது. அந்தத் திருக்கடலூர்ப் பையன் இன்னும் x ஐக் கண்டால் ஒதுங்குகிறான். ரெசிஃபே பிள்ளைகளும் தெருவில் 98 எடுத்தவர்கள்தான், தாளில் 36.8 க்கு இறங்கினார்கள். தெருக் கணக்கு தானாகத் தாளுக்கு ஏறாது. நான் அதைக் கொண்டு நிரூபிக்க முயன்றது ஒன்றை மட்டும்தான்: தலையில் கோளாறு இல்லை. பாதியாக்கிப் பாதியாக்கிப் பதினாறுக்கு வகுத்தவனிடம், நீ செய்தது காரணிப்படுத்தல், 16 என்பது 2 இன் நாலாம் அடுக்கு என்று எழுதிக் காட்டலாம். அவன் அன்றைக்கு "இதா அது?" என்றான். அந்த இடத்திலிருந்து தேற்றத்துக்கு நிறைய தூரம் இருக்கிறது. நடந்தால்தான் போய்ச் சேரலாம், குறுக்கு வழி என்னிடமும் இல்லை.

ஜூன் 19

"வெளிநாட்டில் இப்படி இல்லை, எங்கட ஆட்கள்தான்" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும், வந்துவிட்டது.

நாடுகளின் பிள்ளைகளுடைய படிப்பை ஒப்பிடும் பீசா (PISA) என்ற ஆய்வில், 2012 இல் பல நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். நூற்றுக்கு 59 பேர், கணித வகுப்பு எனக்குக் கடினமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாகச் சொன்னார்கள். கணக்குச் செய்யும்போது என்ன செய்வதென்று தெரியாமல் கையறுந்து நிற்பதுபோல உணர்வதாக 30 பேர். இலங்கை அதில் சேரவில்லை, ஆக இது முழுக்க வெளிநாட்டுக் கவலை. அதைவிட வேடிக்கை, ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பிள்ளைகள் உலகப் பட்டியலில் மேலே நிற்கிறார்கள், அதே பிள்ளைகள்தான் தன்னம்பிக்கையில் கீழே. மனையாவெளி 68 ஐ அங்கே கொண்டுபோய் விட்டால் நிறையக் கூட்டாளிகள் கிடைப்பார்கள்.

நம்பிக்கையை ஊட்டினால் எல்லாம் சரியாகும் என்று இப்போது ஒரு வியாபாரமும் நடக்கிறது, ‘உன்னால் முடியும்’ சுவரொட்டி, வகுப்பறையில் கைதட்டல். மனநிலையை மாற்றும் ஒரு சிறு பயிற்சியை அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய 12,000 பேரிடம் சோதித்த முடிவு 2019 இல் வந்தது. புள்ளி குறைந்த பிள்ளைகளுக்குப் பலன் இருந்தது, ஆனால் சிறிது: பாடங்களின் சராசரித் தரத்தை 0 முதல் 4.3 வரை அளக்கும் அளவுகோலில் 0.1. இல்லையென்று தள்ள மாட்டேன். பின்னம் தெரியாதவருக்குக் கைதட்டினால் பின்னம் வராது.

ஜூன் 22

சம்பூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2006 இல் ஐந்தாம் வகுப்பு, பிறகு முகாம் முகாமாக மூன்று பள்ளிக்கூடம். வேலைக்குச் சாதாரண தரக் கணிதச் சித்தி வேண்டுமாம், இந்த வயதில் எங்கே தொடங்குவது என்கிறார்.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடந்தகால வினாத்தாளில் தொடங்காதீர்கள், எல்லாரும் அங்கேதான் தொடங்கி இரண்டாம் பக்கத்தில் மூடுகிறார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஆறாம் வகுப்புக் கணிதப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கும். அதை எடுங்கள். "ஆறாம் வகுப்பா!" என்று மனைவி சிரித்தால் சிரிக்கட்டும். பின்னம், தசமம், பிறகு ஏழாம் வகுப்பில் திசைகொண்ட எண்களும் எளிய சமன்பாடும். உங்களுக்கு இப்போது முப்பது நெருங்கியிருக்கும், சீட்டுக் காசும் வட்டியும் பார்த்துப் பழகிய தலை, பதினொரு வயதுப் பிள்ளையைவிட வேகமாகப் போவீர்கள். ஒவ்வொரு விடைக்கும் "இந்தக் காசுக்கு எவன் வலை இழுப்பான்" என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள், அரைவாசிப் பிழை அங்கேயே பிடிபடும்.

கேத்திரகணிதத்தைக் கடைசிக்கு வையுங்கள். வகுப்புக்கு வருவதென்றால் சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு. கொம்பாஸ் பெட்டி இப்போதைக்குத் தேவையில்லை, ஒற்றைக்கோட்டுக் கொப்பியும் பென்சிலும் காணும்.